தவறான திசையில் மூன்று எழுத்துகள்: ‘கோஹன்’ குடும்பப்பெயர் வரலாற்றுப் படம் – வாங்கியவரின் மதிப்புரை

மான்செஸ்டரில் எங்கள் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றிய மூத்த நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வழிகாட்டியாக இருந்தவர். அவர் யூதர்; குடும்பப்பெயர் கோஹன். விடைபெறும் நாளில் அவருக்கு என்ன கொடுப்பது என்று ஒன்பது பேர் கூடிப் பேசியபோது, அவருடைய பெயரின் வரலாற்றைச் சொல்லும் படம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுக்கலாம் என்று சொன்னவன் நான்தான். இணையத்தில் இத்தகைய படங்களை அச்சிட்டு அனுப்பும் நிறுவனங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 65 பவுன் செலுத்தி, எட்டாம் நாள் பெற்றுக்கொண்டோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏனெனில் பின்னர் நான் பார்த்த வேறு மூன்று நிறுவனங்களின் மாதிரிப் படங்களும் ஏறக்குறைய இதே வாசகங்களோடும் இதே குறைகளோடும் இருந்தன. ஆகவே இதைத் தனியொரு கடையைப் பற்றிய புகாராக எடுத்துக்கொள்ளாமல், இந்த வகைச் சேவையைப் பற்றிய மதிப்புரையாகவே வாசகர்கள் கொள்ள வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பொருளின் புறத்தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தடித்த, சற்றே சொரசொரப்பான காகிதம். வாதுமை மர நிறத்தில் உறுதியான சட்டம். மூலைகளில் இடைவெளி தெரியாத இணைப்பு. பார்சலை இரண்டு அடுக்கு அட்டையில் கட்டியிருந்ததால் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. மேற்பகுதியில் சிங்கம் தாங்கிய குலச்சின்னம், அதன் கீழே எபிரேய எழுத்தில் பெயர், பிறகு ஏறத்தாழ 400 சொற்களில் ‘கோஹன் குடும்பத்தின்’ வரலாறு, அடியில் ஒரு வரைபடம், புகழ்பெற்ற கோஹன்களின் பட்டியல் என்று நிறைவான அமைப்பு. தொலைவில் நின்று பார்த்தால் எவருக்கும் பிடிக்கும்.

நண்பர் தொலைவில் நின்று பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். எபிரேய எழுத்துகளில் வலக்கோடியில் இருந்த ஓர் எழுத்தின் மேல் நகத்தை வைத்து, அது கீழிறங்கும் கோட்டை ஒரு முறை மெல்ல வருடினார். பிறகு புன்னகையுடன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். மறுநாள் நான் தனியாகக் கேட்ட பிறகே காரணத்தைச் சொன்னார்.

எபிரேயத்தில் கோஹன் என்பது காப், ஹே, நூன் என்ற மூன்று மெய்யெழுத்துகளால் ஆன சொல். தமிழ் விவிலியத்தில் 119ஆம் சங்கீதத்தைப் படித்தவர்களுக்கு இந்த எழுத்துப் பெயர்கள் அந்தச் சங்கீதத்தின் பகுதித் தலைப்புகளாகவே அறிமுகமாகியிருக்கும். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. நூன் என்ற எழுத்து சொல்லின் இறுதியில் வந்தால் வடிவம் மாறி, வரிக்குக் கீழே நீண்டு இறங்கும். அந்த நீண்ட நூன் சொல்லின் முதலில் வரவே வராது. எங்கள் படத்திலோ அதுதான் வலக்கோடியில், அதாவது முதலெழுத்தாக நின்றது. அச்சிட்டவரின் கணினி எழுத்துகளை இடமிருந்து வலமாக அடுக்கிவிட்டது. அனுப்புவதற்கு முன் எபிரேயம் தெரிந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ‘அம்மா’ என்ற சொல்லைப் பின்னாலிருந்து எழுதி, தங்கத் தாளில் அச்சிட்டு ஒரு தமிழருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோதுதான் அவருடைய புன்னகையின் பெருந்தன்மை எனக்குப் புரிந்தது. பெயரை விற்கும் கடை, எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பெயரைச் சரியாக எழுத வேண்டும்.

எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி அச்சிட்டுவிடலாம். அதற்குக் கீழே இருந்த 400 சொற்களில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ‘கோஹன் குடும்பம் தொன்மையான ஒரு குடும்பம்’ என்று அது தொடங்குகிறது. கோஹன் என்பது ஒரு குடும்பத்தின் பெயராகத் தோன்றியதே இல்லை. கோஹன் என்று நாம் எழுதும் கோஹேன் என்ற எபிரேயச் சொல்லுக்கு ஆசாரியர் என்று பொருள். எருசலேம் ஆலயத்தில் பலிபீடத்தின் முன் பணி செய்தவர். மோசேயின் அண்ணனான ஆரோனின் வழிவந்த ஆண்மக்களுக்கு மட்டும் உரிய பணி அது என்பது விவிலிய மரபு. ரோமப் படை கி.பி. 70இல் ஆலயத்தை அழித்தபோது பணி நின்றது. தந்தை வழியாக அந்தத் தகுதியைக் கைமாற்றும் வழக்கம் நிற்கவில்லை. இன்றும் யூதர்களின் ஜெப ஆலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுபவர் ஒரு கோஹன். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்திலுள்ள ஆசீர்வாதத்தை, விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் கைகளை உயர்த்திச் சபைக்குச் சொல்பவர்களும் அவர்களே. தாயின் முதற்பேறான ஆண் குழந்தையை ஐந்து வெள்ளி நாணயம் பெற்றுக்கொண்டு பெற்றோரிடம் ‘மீட்டு’க் கொடுக்கும் சடங்கையும் கோஹனே நடத்துகிறார். இவற்றோடு கட்டுப்பாடுகளும் உண்டு. லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின்படி, மிக நெருங்கிய உறவினரின் இறப்பைத் தவிர, வேறு எந்த இறப்பின் தீட்டும் அவர்களைத் தொடக்கூடாது.

இதை நான் நூலில் படித்து அறியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் வேண்டிய ஒருவர் இறந்தபோது, நாங்கள் அனைவரும் கல்லறைத் தோட்டத்துக்குள் சென்றோம். இவர் மட்டும் வெளியே நடைபாதையில், தொப்பியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றிருந்தார். அவருக்கு மனத்தாங்கல் ஏதோ இருக்கிறது என்று அன்று நான் தவறாக எண்ணினேன். அவர் ஒரு கோஹன், உள்ளே வரக்கூடாது என்று வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆகவே எனக்கு இந்தப் பெயர் முதலில் ஒரு கடமையாகத்தான் அறிமுகமாயிற்று. படத்திலிருந்த 400 சொற்களில் இந்தக் கடமைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ‘வீரமும் விசுவாசமும் மிக்க குடும்பம்’ என்ற, எந்தப் பெயருக்கும் பொருந்தக்கூடிய வாசகம் இரண்டு முறை வருகிறது.

தகுதி வேறு, குடும்பப்பெயர் வேறு என்ற வேறுபாட்டை இத்தகைய எந்தப் படமும் சொல்லக் காணோம். கோஹனின் மகள் பெற்ற மகன், தாயின் குடும்பப்பெயரையே வைத்துக்கொண்டாலும் ஆசாரியத் தகுதி பெறமாட்டார். கோஹன் என்ற பெயரே இல்லாத ஆசாரிய மரபினர் ஏராளம். பெயருக்கும் தகுதிக்கும் இடையிலான இந்தச் சிக்கல் எவ்வளவு பழமையானது என்பதை எஸ்றா 2ஆம் அதிகாரம் காட்டுகிறது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களுள் பர்சிலாயின் மக்கள் என்று ஒரு பிரிவினர் இருந்தனர். அவர்களுடைய முன்னோர் ஆசாரியர். ஆனால் பர்சிலாய் என்பவரின் மகள்களுள் ஒருத்தியை மணந்து, பெண்வீட்டாரின் பெயரை ஏற்றுக்கொண்டவர். திரும்பி வந்தவர்கள் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடியபோது கிடைக்கவில்லை, ஆசாரியத்துவத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஒரு திருமணத்தில் மாறிய பெயர், தலைமுறைகள் கடந்து வாசலில் வந்து மறித்திருக்கிறது. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸும் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். எகிப்திலும் பாபிலோனிலும் வாழ்ந்த ஆசாரியர்கள்கூடத் தங்கள் திருமண விவரங்களை எருசலேமுக்கு எழுதி அனுப்பி ஆவணத்தில் சேர்த்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். பெயர் வரலாறு விற்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த கதை எங்கே கிடைக்கும்? சிங்கத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை இதற்கு ஒதுக்கியிருந்தால்கூட நான் இந்தப் படத்தை மனமாரப் பரிந்துரைத்திருப்பேன்.

ஆசாரியத் தகுதி எப்போது குடும்பப்பெயராக உறைந்தது என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் சேமிக்கப்பட்டு, 1890களில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவரப்பட்ட இடைக்காலக் கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் ‘இன்னார் ஹ-கோஹேன், இன்னார் ஹ-கோஹேனின் மகன்’ என்ற கையொப்பங்கள் நிறைய உள்ளன. அங்கே அது இன்னும் பட்டமே. தந்தை, மகன் இருவரின் பெயருக்குப் பின்னும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் யூதர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்ற முறையிலேயே வாழ்ந்தார்கள். அரசுகளுக்கு வரி விதிக்கவும் படைக்கு ஆள் சேர்க்கவும் நிலையான பெயர் தேவைப்பட்டது. ஆஸ்திரியாவில் இரண்டாம் ஜோசப் 1787இல் ஆணையிட்டார். ரஷ்யப் பேரரசில் 1804இலும், நெப்போலியனின் பிரான்சில் 1808இலும், பிரஷ்யாவில் 1812இலும் அதே கட்டாயம் வந்தது. பதிவாளரின் முன் நின்ற ஆசாரிய மரபினர் பலர், ஏற்கனவே தங்கள் பெயரோடு ஒட்டியிருந்த பட்டத்தையே குடும்பப்பெயராக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவரோடொருவர் உறவே இல்லாத குடும்பங்கள் பல நகரங்களில் தனித்தனியாக ஒரே பெயரைப் பெற்றன.

இந்த இடம் எனக்கு மிக நெருக்கமானது. என் தந்தையின் பெயர் ஊரில் என் பெயருக்கு முன் ஓர் எழுத்தாக நின்றது. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டியிருந்ததால் அதுவே என் குடும்பப்பெயராயிற்று. இன்று என் பிள்ளைகள் இருவரும் தங்கள் தாத்தாவின் பெயரைக் குடும்பப்பெயராகச் சுமந்துகொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். படிவத்தின் ஒரு கட்டம் ஒரு பெயரை எப்படி நிலைநிறுத்திவிடும் என்பதை வெளிநாடு வந்த தமிழருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. படத்தின் வாசகத்திலோ இந்தச் சட்டங்களுள் ஒன்றுகூட இடம்பெறவில்லை.

பெயர் பரவியபோது எடுத்த வடிவங்களை ‘எழுத்துப் பிழைகளால் விளைந்த மாற்றங்கள்’ என்று படம் ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. இது பெரிய அநீதி. ஒவ்வொரு வடிவமும் அந்தந்த மொழி அந்தச் சொல்லை வாங்கிக்கொண்ட விதத்தைக் காட்டுகிறது. ஜெர்மன் மொழி பேசிய நிலங்களில் கோன், கான் ஆயிற்று. பிரெஞ்சில் காயென் என்ற எழுத்துமுறையும் உண்டு. அரமேய வடிவமான கஹானாவிலிருந்து கஹானே வந்தது. ரஷ்ய மொழியில் ஹகர ஒலி இல்லை. ஹாம்பர்க் நகரம் அங்கே காம்பர்க் ஆவதுபோல, கோஹேன் அங்கே கோகன் என்றும் ககான் என்றும் ஆயிற்று. தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. ‘ஹ’ என்ற கிரந்த எழுத்தை விலக்கித் தனித்தமிழில் எழுதுபவர், ஆபிரகாம் என்பதுபோல, இந்தப் பெயரையும் கோகன் என்றே எழுதுவார். என் நண்பரின் தாத்தா, அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த லித்துவேனியாவிலிருந்து ககான் என்ற பெயரோடு மான்செஸ்டருக்கு வந்து, இங்கே கோஹன் என்று எழுதத் தொடங்கியவர். ரஷ்ய எழுத்து பறித்துக்கொண்ட ஹகரத்தை ஆங்கில எழுத்து திருப்பிக் கொடுத்திருக்கிறது.

காட்ஸ் என்ற பெயரைப் படம் குறிப்பிடவே இல்லை. கோஹேன் ட்செதெக், அதாவது நீதியின் ஆசாரியர், என்ற இரு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது அது. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் நமக்கு உ.வே.சா. ஆனதுபோல, யூதர்கள் முதலெழுத்துகளைக் கோத்துப் பெயராக்குவதில் தேர்ந்தவர்கள். ஆரோனின் வித்து என்று பொருள்படும் தொடரிலிருந்து மாஸே என்ற பெயரை உண்டாக்கியதும் இதே முறை. காப்லன் என்பதும் ஆசாரியர் என்ற பொருளுடைய ஐரோப்பியச் சொல்லை வாங்கிக்கொண்டு கோஹனை மொழிபெயர்த்த பெயரே. ஆனால் துருக்கியில் ஒருவர் காப்லன் என்ற பெயர் வைத்திருந்தால் அவர் பெயரின் பொருள் புலி. ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி வரலாறு எழுதக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தத் தவறுதான் ‘புகழ்பெற்றவர்கள்’ பட்டியலில் நடந்திருக்கிறது. அமெரிக்க நாடக மேடையின் புகழ்பெற்ற கலைஞர் ஜார்ஜ் எம். கோஹன் அதில் இருக்கிறார். அவர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர், ஆங்கிலத்தில் அவர் பெயரின் எழுத்தும் வேறு. 1619இல் பத்தாவியாவை (இன்றைய ஜகார்த்தாவை) நிறுவிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர் யான் பீட்டர்சோன் கூனும் இருக்கிறார். கூன் என்பது கொன்ராட் என்ற ஜெர்மானியப் பெயரின் குறுக்கம். கட்டடக் கலைஞர் லூயி கானையும் சேர்த்திருக்கிறார்கள். அகமதாபாத் மேலாண்மை நிறுவன வளாகத்தின் செங்கல் வளைவுகளைப் பார்த்த எவருக்கும் அவர் மீது பெருமதிப்பு இருக்கும். அவர் யூதர்தான்; ஆனால் பிறந்தபோது குடும்பத்தின் பெயர் ஷ்முய்லோவ்ஸ்கி. அமெரிக்கா வந்த பிறகு தந்தை தேர்ந்துகொண்ட பெயர் கான். இருக்க வேண்டியவர்களோ இல்லை. 1998இல் வேதியியல் நோபல் பெற்ற வால்டர் கோன் இல்லை. முந்தைய ஆண்டு இயற்பியல் நோபல் பெற்ற, அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிறந்த குளோத் கோயென்-தனூஜி இல்லை. அவர் பெயரிலேயே ஒரு முழு வரலாறு இருக்கிறது: ‘தாஞ்சியர் ஊர்க் கோஹன்’ என்பதே அதன் பொருள். ஓர் ஊரில் கோஹன்கள் பெருகினால் எந்தக் கோஹன் என்று கேட்க வேண்டிவரும். அப்போது ஊர்ப்பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். லெனர்ட் கோஹன் மட்டும் சரியாக இடம்பெற்றிருக்கிறார். 2009இல் இஸ்ரேலின் ராமத் கானில் பாடியபோது, நிகழ்ச்சி முடிவில் கையை உயர்த்தி எபிரேயத்தில் ஆசாரிய ஆசீர்வாதத்தைச் சொன்ன பாடகர் அவர்.

வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். இந்தப் பெயர் முதலிடத்தில் உள்ள நாடான இஸ்ரேல் வெறும் சாம்பல் நிறம். மொராக்கோ, துனிசியா, பிரான்ஸ் எதுவுமில்லை. துனிசியாவின் ஜெர்பா தீவில், எல் கிரீபா ஜெப ஆலயத்துக்கு அருகிலுள்ள சிறிய யூத ஊர் ஆசாரிய மரபினரின் ஊராகவே அறியப்பட்டது. எருசலேம் ஆலயத்திலிருந்து தப்பிய ஆசாரியர்கள் அதன் ஒரு பகுதியைக் கையோடு கொண்டுவந்து அங்கே பதித்தார்கள் என்பது அத்தீவின் மரபுக்கதை. ஆங்கில மக்கள்தொகைப் பதிவேடுகள் கையில் கிடைத்தன என்பதற்காக, ஆங்கில நாடுகளையே பெயரின் உலகமாக வரைந்துவிட்டார்கள். நமக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகும் தெருவில், சாரா கோஹன் அம்மையாரின் பூத்தையல் கடையைப் பார்த்த தமிழர்கள் பலர் இருப்பார்கள். அவர் 2019இல், 96ஆம் வயதில் காலமானார்.

குடியேற்ற அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்ற வாசகமும் படத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவைப் பற்றி இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்கிருந்த அதிகாரிகள், புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட கப்பல் பயணியர் பட்டியலை வைத்துக்கொண்டுதான் ஆட்களைச் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் மாற்றிக்கொண்டவர்கள் குடியேறியவர்களே. வேலைக்காக, அண்டைவீட்டாருக்காக, பிள்ளைகளின் பள்ளிக்காக, பிறகு மெல்ல மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் எடுத்த முடிவை ஓர் எழுத்தரின் கவனக்குறைவாகச் சொல்வது அவர்களுடைய வாழ்க்கையைச் சிறிதாக்குவதாகும்.

குலச்சின்னத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஐரோப்பியப் பிரபுக்களின் சின்னங்கள் தனித்தனிக் குடும்பங்களுக்கு உரியவை. ‘கோஹன்’ என்ற பெயருக்கென்று பொதுவான ஒரு சின்னம் இருக்க முடியாது. ஆனால் ஆசாரிய மரபினரிடம் உண்மையான சின்னங்கள் உண்டு. இத்தாலியில், போர்டோ என்ற ஊரைச் சேர்ந்த ராபா என்ற ஆசாரியக் குடும்பத்தினர் ராப்பபோர்ட் என்ற பெயருக்கு மூலமானவர்கள். அவர்களுள் ஒருவரான ரபி (யூத சமய ஆசான்) எழுதி, 1594இல் வெரோனாவில் அச்சான நூலில் அவர்களுடைய சின்னம் உள்ளது: ஒரு காகமும், ஆசீர்வதிக்க உயர்த்திய இரு கைகளும். அந்த இரு கைகள்தாம் உலகெங்கும் கோஹன்களின் கல்லறைக் கற்களில் செதுக்கப்பட்டிருப்பவை. இவ்வளவு அழகான, தெளிவான, சொந்தமான அடையாளம் இருக்கும்போது எங்கிருந்தோ ஒரு சிங்கத்தைக் கொண்டுவந்து வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தோடு ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. கூடுதல் கட்டணம் செலுத்தி எச்சில் மாதிரி அனுப்பினால், பெறுபவர் ஆரோனின் வழித்தோன்றலா என்று உறுதி செய்வார்களாம். இதை வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். டொரோண்டோவில் பணியாற்றிய மருத்துவர் கார்ல் ஸ்கோரெக்கி தாமும் ஒரு கோஹன். ஜெப ஆலயத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் கோஹனாக அழைக்கப்பட்டதைப் பார்த்தபோது, தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்ட நம் இருவருக்கும் ஒரே தந்தைவழி மூதாதை இருக்கக்கூடுமா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோமில் விடை தேடிய அவர் குழுவின் ஆய்வு 1997இல் வெளிவந்தது. கோஹன்களிடையே பொதுவான அடையாளங்கள் மற்ற யூதர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டன. 2009இல் வெளிவந்த விரிவான ஆய்வில், சோதிக்கப்பட்ட கோஹன்களுள் ஏறத்தாழ 46 சதவீதத்தினர் ஒரே தந்தைவழிக் கிளையைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. வியக்கத்தக்க ஒற்றுமைதான். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேறு கிளைகளைச் சேர்ந்தவர்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆரோன் என்ற ஒருவரின் மரபணு மாதிரி எவர் கையிலும் இல்லை. ஒப்பிட்டுச் சொல்ல வழியும் இல்லை. எழுபதை நெருங்கும் ஒரு மனிதரிடம், அவர் வாழ்நாள் முழுதும் மழையில் நின்று காத்த கடமை அவருக்கு உரியதா என்று ஒரு குப்பியைக் கொடுத்துக் கேட்பது முறையன்று.

பெயரின் வரலாற்றை அறிய விரும்புபவர் பணம் செலவழிக்கத் தேவையில்லை. டெல் அவிவ் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள யூத மக்கள் அருங்காட்சியகம் 1978இல் திறக்கப்பட்டு, 2021இல் அனு என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. அதன் குடும்பப்பெயர்த் தரவுத்தளத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே உள்ள பதிவுகள், ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு தொடங்குகின்றன. அந்த ஒரு வாக்கியம் எங்கள் படத்தின் 400 சொற்களைவிட மதிப்பு மிக்கது. காகிதமும் சட்டமும் அதில் கிடைக்காது. அவற்றை மூலைக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். இரண்டும் சட்டத்துக்கும் கட்டிய விதத்துக்கும். பிழைகளைப் பட்டியலிட்டு எழுதியபோது, எழுத்துகளைத் திருப்பி அச்சிட்ட பிழைக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து, பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். மறு அச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்க எண்ணுபவர்கள் பணம் செலுத்தும் முன் எபிரேய வரியின் மாதிரியைக் கேட்டுப் பெற்று, நீண்ட நூன் இடக்கோடியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் வீணாகவில்லை. நண்பரின் தாத்தா இந்த ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். நெருங்கிய உறவினர் பட்டியலில் தாத்தா வரமாட்டார். ஆகவே நண்பர் அந்தக் கல்லை வேலிக்கு வெளியே பாதையில் நின்று மட்டுமே பார்த்திருக்கிறார். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரிசை எண்ணை எழுதிக் கொடுக்க, நான் உள்ளே சென்று, ஈரத் துணியால் பாசியைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்தேன். உயர்த்திய இரு கைகள், இரண்டிரண்டாகப் பிரிந்த விரல்கள். அவற்றின் கீழே காப், ஹே, நூன், வலமிருந்து இடமாக. கட்டைவிரல்களில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. அந்தப் படம் இப்போது அவர் வீட்டு முன்னறையில், வாதுமை நிறச் சட்டத்துக்குள் இருக்கிறது.